நேற்றுவரை ஓடியது என்றவர் பொய் சொல்லியிருக்க மாட்டார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் இதே பகுதியில் திருச்சி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சென்னையில் மூடப்பட்ட ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவிலிருந்து பழைய டிஜிட்டல் ரெக்கார்டர் ஒன்றும் மிக்ஸர் ஒன்றும் வாங்கினாராம், விற்றவர் "நேற்றுவரை ஓடிக்கிட்டு இருந்தது சார்" என்று அடித்துச் சொன்னாராம், வீட்டுக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டால் ரெக்கார்டரில் ஒரு விளக்குகூட எரியவில்லையாம், மிக்ஸரில் உர்ரென்று இரைச்சல் மட்டும்தானாம். ஆகவே பழைய ஸ்டுடியோ சாமான் விற்கிறவர்கள் எல்லாருமே ஏமாற்றுக்காரர்கள், யாரும் வாங்காதீர்கள் என்று முடித்திருந்தார்.

கோபம் நியாயம்தான், காசு கொடுத்தவருக்குத்தான் அந்த வலி தெரியும். நான் சாலிகிராமம் பக்கம் இந்த மாதிரி கருவிகளைப் பழுதுபார்த்துப் பிழைப்பவன். விற்கிறவர்களுக்கு வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் எனக்கில்லை, அவர்களில் சிலர் செய்கிற கோல்மாலும் தெரியும். இருந்தாலும் "நேற்றுவரை ஓடியது" என்று ஒருவர் சொன்னால் இந்தத் தொழிலில் அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஓடியதை அணைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல்.

ஸ்டுடியோக்களில் பல கருவிகளை அணைக்கவே மாட்டார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் வேலை நடந்த இடங்களில் ரேக்கில் இருப்பதெல்லாம் வருஷக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும், கரண்ட் போனாலும் யுபிஎஸ் தாங்கிவிடும். மெஷினுக்கு வேண்டிய அளவில் மின்சாரத்தை மாற்றித்தருகிற பகுதிதான் பவர் சப்ளை, அப்படி ஓடுகிற எஸ்எம்பிஎஸ் வகை பவர் சப்ளைக்குள் நடப்பது இதுதான். 230 வோல்ட் ஏசி உள்ளே வந்ததும் டயோடு பிரிட்ஜ் அதை டிசியாக்கி, பெரிய கெப்பாசிட்டர் ஒன்றில் சுமார் 325 வோல்ட்டாக நிறுத்திவைக்கிறது. அதை வேகவேகமாக வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்புவது ஒரு கன்ட்ரோல் ஐசியின் வேலை. சரி, அந்த ஐசி வேலை செய்யவே முதலில் கொஞ்சம் கரண்ட் வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? அந்த 325 வோல்ட்டிலிருந்து பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் ஒன்றின் வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்து, 22 அல்லது 47 மைக்ரோஃபாரட் அளவுள்ள ஒரு குட்டி எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரில் சேரும். பரவலாகப் புழங்கிய 3842 ஐசியாக இருந்தால், அங்கே 16 வோல்ட் சேர்ந்ததும் அது விழித்துக்கொள்ளும், அதற்கப்புறம் டிரான்ஸ்ஃபார்மரில் தனக்கென்று இருக்கிற இன்னொரு சுற்றிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும். நடுவில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரும்பப் படுத்துவிடும்.

இந்தக் குட்டிக் கெப்பாசிட்டரைப் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றுகிற ஹீட்சிங் தகட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். வருஷக்கணக்கான சூட்டில் உள்ளே இருக்கிற ஈரம் காய்ந்துபோய் அதன் பலம் போய்விடும். ஆனால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறவரை வெளியே ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அதற்கு முக்கியமான வேலை இருப்பது ஸ்டார்ட் ஆகிற அந்த ஒரு நொடியில்தான். பல வருஷம் கழித்து ஸ்டுடியோவை மூடுகிறார்கள், மெயினை அணைக்கிறார்கள், மெஷின் ஆறிப்போகிறது, அவ்வளவுதான், அதற்குமேல் அது எழுந்திருக்காது. விற்றவர் கடைசியாகப் பார்த்தபோது ஓடியது, வாங்கியவர் முதன்முதலாகப் பார்த்தபோது செத்துக் கிடந்தது. ரெண்டு பேர் சொல்வதும் நிஜம். இதை வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன்வரை போனவர்களை எனக்குத் தெரியும்.

ஆயுள் கணக்கு வெளிப்படையானது. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று கெப்பாசிட்டர் கம்பெனிகளே தங்கள் தாளில் போடுகிறார்கள். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லாரும் போடுகிற கணக்கு. அதன்படி 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். அணைக்காமல் ஓட்டினால் நாலு வருஷம்கூட முழுசாக ஆகாது. நல்ல கம்பெனிச் சரக்கு அதையும் தாண்டி ஓடும், அது நம் அதிர்ஷ்டம். ஏசி அறையில்தானே இருந்தது என்பார்கள். அறைக்குத்தான் ஏசி, பவர் ஆம்ப்புக்கு மேலே இடைவெளியே விடாமல் அடுக்கிய ரேக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள் தெரியும்.

ஆகவே திருச்சி நண்பர் ரெக்கார்டரைக் காயலான் கடைக்குப் போடுவதற்குமுன் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் அந்தக் குட்டிக் கெப்பாசிட்டரையும், ஸ்டார்ட் பண்ணுகிற ரெசிஸ்டரையும் பார்க்கச் சொல்லட்டும். அந்த ரெசிஸ்டர் 220 கிலோஓம், 470 கிலோஓம் என்ற அளவில் இருக்கும், நிறம் மாறாமலேயே உள்ளே அறுந்திருக்கும். கெப்பாசிட்டரைச் சாதாரண மீட்டரில் வைத்துப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடக் கூடாது, அளவு சரியாகக் காட்டிக்கொண்டே உள்தடை எகிறியிருக்கும், அதற்கு ஈஎஸ்ஆர் மீட்டர் வேண்டும். மீட்டர் இல்லையா, முடி உலர்த்துகிற டிரையரால் அந்தக் கெப்பாசிட்டரைக் கொஞ்சம் சூடு காட்டிவிட்டுப் போட்டுப் பாருங்கள், மெஷின் எழுந்துகொண்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். இந்த ரெண்டு பாகத்தையும் ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்கு வாங்கிவிடலாம். 90-களின் தொடக்கத்தில் வந்த டேப் ரெக்கார்டர்களில் இன்னொன்று உண்டு. போர்டின் மேல் ஒட்டினாற்போல் இருக்கும் சின்ன அலுமினியக் கெப்பாசிட்டர்கள் கசிந்து காப்பர் தடங்களை அரித்துவிடும், சால்டரிங் அயர்னை வைத்தாலே மீன் கவிச்சி அடிக்கும். அந்த வாடை வந்தால் பவர் சப்ளையோடு வேலை முடியாது, மற்ற போர்டுகளையும் கழுவித்தான் ஆக வேண்டும்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் இன்றைக்கே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அந்த 325 வோல்ட் உட்கார்ந்திருக்கும், ஸ்டார்ட் ஆகாத மெஷினில் அதைச் செலவழிக்க ஆளில்லாததால் ரொம்ப நேரம் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணுகிற வித்தையைத் தயவுசெய்து பண்ணாதீர்கள். தகுந்த வாட்ஸ் ரெசிஸ்டரை வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். இது பழகாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்தது ஜப்பான் சரக்கு. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. அந்த ஊர்களிலிருந்து எஃபெக்ட்ஸ், சிந்தசைஸர், ரெக்கார்டர் என்று இங்கே நிறைய வந்துகொண்டிருக்கின்றன, நம் பிளக்குக்கு ஏற்ற ஒயரை யாரோ மாட்டியும் கொடுத்துவிடுகிறார்கள், வாங்கியவர் பின்பக்கம் ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்க்காமல் 230-இல் சொருகிவிடுகிறார். ஜப்பான் சரக்குக்கு அது ரெண்டு மடங்குக்கும் மேல், அமெரிக்கச் சரக்குக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இப்படி நடந்தாலும் பதற வேண்டாம், நல்ல தயாரிப்பாக இருந்தால் வேரிஸ்டர் என்று ஒரு வட்ட வில்லை மெயினுக்குக் குறுக்கே இருக்கும், அது தான் ஷார்ட்டாகி ஃபியூஸை அறுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கும். வேரிஸ்டரையும் ஃபியூஸையும் மாற்றி, வோல்ட்டேஜைக் குறைக்கிற சரியான ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் பல மெஷின் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். பழைய பாணி இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதாக இருந்தால், பிரைமரி சுற்றின் மேல் டேப்புக்குள் தெர்மல் ஃபியூஸ் ஒன்றைச் சொருகியிருப்பார்கள், பெரும்பாலும் போவது அதுதான். பிளக்கைக் கரண்டில் சொருகாமல், மெஷின் சுவிட்சை ஆன் பண்ணி, பிளக்கின் ரெண்டு முனைக்கும் நடுவே ஓம் அளந்தால் சில பத்து ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் முதலில் கண்ணாடி ஃபியூஸ், அப்புறம் சுவிட்ச், அப்புறம்தான் இந்தத் தெர்மல் ஃபியூஸ். சுற்றே கருகியிருந்தாலும் மோட்டார் காயில் கட்டுகிறவர்களில் டிரான்ஸ்ஃபார்மரும் கட்டுகிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் 230-க்கே கட்டித்தரச் சொல்லிவிட்டால் ஸ்டெப்டவுன் தொல்லையும் போயிற்று. கடையில் 110 வோல்ட் என்று விற்கும் கன்வர்ட்டர் ஜப்பான் சரக்குக்குப் பத்து சதவீதம் அதிகம். ஓடும், ஆனால் உள்ளே வோல்ட்டேஜை ஒரே அளவில் நிறுத்துகிற ரெகுலேட்டர் அதிகமாகச் சுடும்.

ஃபியூஸ் விஷயத்தில் நம் ஆட்களைப் போலத் துணிச்சல்காரர்கள் கிடையாது. வீட்டு ஃபியூஸ் கேரியரில் கம்பி கட்டின பழக்கத்தில் மெஷினிலும் கண்ணாடி ஃபியூஸைச் சுற்றி ஒரு இழை கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். ஃபியூஸ் சும்மா போவதில்லை. உள்ளே கம்பி நடுவில் மெல்ல அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் லேசான ஓவர்லோடு அல்லது வயசு, கண்ணாடி முழுக்கக் கருப்பாகவோ வெள்ளிப் பூச்சாகவோ ஆகியிருந்தால் உள்ளே நேர் ஷார்ட். அந்த நிலையில் கம்பியைச் சுற்றிப் போட்டால் பிரிட்ஜ், ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர், போர்டின் தடம் எல்லாம் சேர்ந்து போகும், பத்து நிமிஷ வேலை பத்து நாள் வேலையாகும். 120 வோல்ட்டிலிருந்து 230-க்கு மாற்றினால் ஃபியூஸின் ஆம்பியரையும் பாதியாக்க வேண்டும், 1 ஆம்பியர் இருந்த இடத்தில் அரை ஆம்பியர். டி என்று போட்டிருந்தால் மெதுவாகப் போகிற வகை, அதற்குப் பதிலாக எஃப் போட்டால் சுவிட்ச் போட்டதுமே போய்விடும், எஃப் இருந்த இடத்தில் டி போட்டால் போக வேண்டிய நேரத்தில் போகாது.

இனி அந்த மிக்ஸர். உர்ரென்று இரைகிறது என்று எழுதியவர் எந்த சுருதியில் இரைகிறது என்று எழுதியிருந்தால் இங்கிருந்தே பாதி வைத்தியம் சொல்லியிருப்பேன், விளையாட்டில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த 50 அப்படியே கேட்டால் எர்த் லூப்போ (ஒயர்களால் இணைந்த ரெண்டு கருவிகளின் எர்த் வளையமாகச் சேர்ந்துகொள்வது), பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமோ காரணம், பவர் சப்ளையைத் தொட வேண்டியதில்லை. 100 ஹெர்ட்ஸாகக் கேட்டால் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது அல்லது ரெகுலேட்டர் திணறுகிறது, ஏனென்றால் பிரிட்ஜுக்கு அப்புறம் வருகிற அலை ரெண்டு மடங்காகிவிடும். கீபோர்டு வாசிக்கிறவர்களுக்கு இது சுலபம், ரெண்டுமே கிட்டத்தட்ட ஜி ஸ்வரம்தான், 100 ஹெர்ட்ஸ் ஒரு ஸ்தாயி மேலே. ஒரே ஒரு விதிவிலக்கு, பிரிட்ஜில் ஒரு டயோடு அறுந்துபோனாலும் 50 கேட்கும். காதில் நம்பிக்கை இல்லாதவர்கள் மீட்டரை ஏசியில் வைத்து டிசி லைனில் அளக்கலாம். நல்ல ரெகுலேட்டருக்கு அப்புறம் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது.

மிக்ஸரில் பொதுவாகப் பிளஸ், மைனஸ் என்று ரெண்டு லைனும், கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் லைனும் இருக்கும். ஒன்று போய் மற்றது இருந்தால் பாதிச் சத்தம், கரகரப்பு, மீட்டர் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது என்று விதவிதமாகக் காட்டும். பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றி அளந்தால் வோல்ட்டேஜ் சரியாக வருகிறது, மாட்டினால் விழுகிறது என்றால் குற்றம் சப்ளையில் இல்லை, ஏதோ ஒரு சேனலில் சின்ன டேன்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட்டாகி லைனையே கீழே இழுக்கிறது. 24 சேனலையும் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. பாதியைக் கழற்றுங்கள், எந்தப் பாதியில் விழுகிறதோ அதில் பாதி, 12, 6, 3 என்று நாலைந்து தடவையில் ஆளைப் பிடித்துவிடலாம். எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தால் மட்டும் லோடே இல்லாமல் சில சப்ளை ஸ்டார்ட் ஆகாது, அதைப் பார்த்து "சப்ளை செத்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ரெகுலேட்டர் மாற்றுகிறவர்கள் எல்லாரும் விழுகிற ஒரு குழி இருக்கிறது. பிளஸ் லைனுக்கான 7815 ரெகுலேட்டரும் மைனஸ் லைனுக்கான 7915-உம் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், கால்கள் வேறு. 7815-இல் இன்புட், கிரவுண்ட், அவுட்புட். 7915-இல் கிரவுண்ட், இன்புட், அவுட்புட். அதைவிட முக்கியம் முதுகில் இருக்கிற உலோகத் தகடு, 7815-இல் அது கிரவுண்டு, ஆனால் 7915-இல் இன்புட். மின்சாரத்தைத் தடுக்கிற மைக்கா ஷீட்டோ சிலிக்கான் பேடோ இல்லாமல் எர்த்தான ஹீட்சிங்கில் திருகிவிட்டால் புது ஐசி போட்ட சந்தோஷத்தோடு மைனஸ் லைனை ஷார்ட் பண்ணியிருப்பீர்கள். பழையதைக் கழற்றும்போது அந்த மைக்கா கீழே விழுந்து காணாமல் போய்விடும், அதனால்தான் சொல்கிறேன்.

அப்புறம் வீட்டு மின்சாரத்தையும் சொல்லியாக வேண்டும். நல்ல சாமான் வாங்கி மோசமான பிளக் பாயின்டில் சொருகினால் விற்றவர் என்ன செய்வார்? மூணு ஃபேஸ் வருகிற கட்டடத்தில் நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு பக்கம் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கி ஏறும், ஒரே நிமிஷத்தில் பல வேரிஸ்டர்கள் பலியாகும். இன்னொன்று எர்த். ஹம், அதாவது அந்த உர்ர் இரைச்சல், போகட்டும் என்று பிளக்கின் மூணாவது முள்ளை ஒடித்துவிடுகிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் மெயின் ஃபில்டரில் ஃபேஸுக்கும் மெஷினின் உலோக பாடிக்கும் ஒன்று, நியூட்ரலுக்கும் பாடிக்கும் ஒன்று என்று ரெண்டு கெப்பாசிட்டர் இருக்கும், எர்த் இல்லாவிட்டால் பாடி நடுவில் தொங்கும், அதாவது கிட்டத்தட்ட 115 வோல்ட். வருகிற கரண்ட் மிகக் கொஞ்சம், ஆளைக் கொல்லாது, ஆனால் பாடுகிறவர் உதடு மைக்கில் பட்டதும் சுரீர் என்கும். எர்த்தே இல்லாத மெஷினில் உள்ளே நிஜமாகவே ஃபேஸ் ஒயர் கழன்று பாடியில் பட்டால் அது சுரீரோடு நிற்காது. ஹம்முக்கு ஆடியோ ஒயர் பக்கத்தில் வைத்தியம் இருக்கிறது, எர்த்தில் கை வைக்காதீர்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: மெஷின் எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். முந்தின நாள் சாயங்காலமே முழுசாக அணைத்து பிளக்கைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், மறுநாள் உங்கள் முன்னால் ஆறின நிலையில் போடச் சொல்லுங்கள். மூணு நாலு தடவை அணைத்து அணைத்துப் போட்டாலும் உடனே எழுந்தால் ஸ்டார்ட் பகுதி தெம்பாக இருக்கிறது. மிக்ஸரில் எல்லா சேனலிலும் 48 வோல்ட்டைப் போட்டு மைக் சாக்கெட்டில் ஒன்றாம், ரெண்டாம் பின்னுக்கு நடுவே அளங்கள், 44-இலிருந்து 52-க்குள் இருக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காத ஆளிடம் வாங்கவே வேண்டாம், அங்கே திருச்சி வாசகரின் கட்சிதான் என் கட்சியும்.

இன்னொரு விஷயம், உண்மையில் அவர் கோபப்பட்டிருக்க வேண்டியது இதற்குத்தான். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் "போர்டே மாத்தணும், போர்டு வரல" என்று ரெண்டே வாக்கியத்தில் அனுப்பிவிடுகிறார்கள். சர்க்யூட் படம் கேட்டால் அது கம்பெனி ரகசியம். 70-களிலும் 80-களிலும் வந்த ஸ்டூடர், ரீவாக்ஸ் டேப் மெஷின்களின் சர்வீஸ் மேனுவலைப் புரட்டினால் ஒவ்வொரு ரெசிஸ்டரின் மதிப்பும், எங்கே எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பதும் அச்சடித்திருக்கும், அதனால்தான் அந்த மெஷின்கள் இன்றைக்கும் ஓடுகின்றன. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அதே வருஷம் டிசம்பரில் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவிகள், செல்போன் வகையறா, வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நாலு துறையை எடுத்துக்கொண்டார்கள். தொழில்முறை ஒலிக்கருவிகள் அதில் இல்லை. மேடைக் கச்சேரி, கோயில் திருவிழா, டப்பிங் என்று இந்தச் சாமான்களை வைத்துச் சோறு தின்கிறவர்கள் தமிழ்நாட்டில் கொஞ்சநஞ்சம் பேரா? மற்றது கிடக்கட்டும், பவர் சப்ளையின் சர்க்யூட் படத்தையாவது வெளியிடச் சொன்னால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம். இதைப் பற்றி உங்கள் நிருபர் ஒருவர் விசாரித்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒலிக்கருவி பழுதுபார்ப்பவர்,
சாலிகிராமம், சென்னை.

பி.கு.: பழுதுபார்த்த மெஷினை முதல் தடவை போடும்போது நேராக மெயினில் சொருகாமல் 60 அல்லது 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் வைத்துப் போடுங்கள். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது, ஒரு மின்னு மின்னிவிட்டு மங்கினால் சரி. எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்து பல்பு விட்டு விட்டு எரிந்தால் கொஞ்சம் பெரிய வாட்ஸ் போட்டுப் பாருங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது.